கூலி, படி, பங்கு: திங்கட்கிழமை விசுவாசத்தைப் பற்றி ஒரு பதில்

தம்பி,

மற்றவர்கள் படித்தாலும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மளிகைக்கடை வைத்திருக்கிறீர்கள், மூன்று பேர் வேலை பார்க்கிறார்கள். இருபது வருஷமாக ஞாயிறு ஆராதனை தவறியதில்லை. "அன்பு, விசுவாசம், ஜெபம், பரிசுத்தம் என்று நாலு சொல்லையும் வாராவாரம் கேட்கிறேன். திங்கட்கிழமை காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது இதில் எதை எப்படிச் செய்வது என்று யாரும் சொல்வதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா உயில் எழுதாமல் விட்டுப்போன தொண்ணூறு சென்ட் நிலத்தால் அண்ணனோடு மூன்று வருஷமாகப் பேச்சில்லை, அது ஜெபத்துக்குத் தடையாகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அம்மா உங்களோடு இருக்கிறார், தங்கையை நாகர்கோவிலில் கட்டிக்கொடுத்திருக்கிறது, "அவளால் பிரச்சினை இல்லை" என்று ஒரு வரி. அந்த வரிக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் குருவானவர் இல்லை. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் முப்பது வருஷமாக வேதபாடம் எடுக்கிறேன், சபைப் போதகரான ஐயர் வராத ஞாயிறுகளில் பிரசங்கமும் செய்வேன். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

பரிசுத்தத்தில் ஆரம்பிக்கிறேன். நம் சபைகளில் அதிகம் உச்சரித்து, குறைவாகப் புரிந்துகொண்ட சொல் அதுதான். பரிசுத்தமானவர் என்றால் சினிமாவுக்குப் போகமாட்டார், குடிக்கமாட்டார், சில சபைகளில் நகை போடமாட்டார். எல்லாமே 'மாட்டார்'. அந்த எபிரெயச் சொல்லுக்குப் பிரித்தெடுக்கப்பட்டது என்ற பொருள் இருப்பது உண்மைதான். ஆனால் எதற்காகப் பிரித்தெடுப்பது என்று பார்க்க லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தைத் திறக்க வேண்டும். 'நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்' என்று தொடங்குகிற அதிகாரம் அது. அடுத்து தூபமும் பலியுமாகவே வரப்போகிறது என்று நினைப்போம். பலியைப் பற்றி நாலு வசனம் வந்துவிட்டு, பேச்சு வயலுக்குப் போய்விடுகிறது. அறுக்கும்போது வயல் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, அது ஏழைக்கும் பரதேசிக்கும். அப்புறம் 13ஆம் வசனம்: 'கூலிக்காரனுடைய கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது.' அதற்கடுத்து, குருடனுக்கு முன்னே தடுக்கல் வைக்காதே. பின்னே, கோள் சொல்லித் திரியாதே. முடியும் தறுவாயில் உங்களுக்கென்றே எழுதினது மாதிரி, சுமுத்திரையான, அதாவது சரியான, தராசு, நிறைகல், மரக்கால், படி. நம் பழைய மொழிபெயர்ப்பில் எபிரெய அளவைகளின் இடத்தில் மரக்காலும் படியும் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். மொழிபெயர்த்தவர்கள் நம் கடைத்தெருவைப் பார்த்துக்கொண்டே எழுதியிருக்கிறார்கள்.

ஆக, ஷட்டரைத் தூக்கினதும் தராசு நிற்கிறதே, உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அங்கேயே இருக்கிறது. அது சரியாக நிற்கிறதா? பருப்பைப் பாக்கெட் போடும் பையனுக்கு 'கொஞ்சம் பார்த்துப் போடு' என்று ஜாடை காட்டும் பழக்கம் உண்டா? எழுத்து வாசிக்கத் தெரியாத ஆச்சிக்குத் தேதி முடிந்த பிஸ்கட்டைக் கொடுத்தனுப்புவதுதான் குருடனுக்கு முன்னே வைக்கிற தடுக்கல். வேலை பார்க்கும் மூன்று பேருக்கும் சம்பளம் என்றைக்குப் போகிறது? சொன்ன தேதியிலா, இல்லை அவர்கள் இரண்டு தடவை தலையைச் சொறிந்த பிறகா?

இந்தக் கூலி வசனத்தை நான் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. நாங்கள் வீடு கட்டிய வருஷம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். வாரக் கூலி வாங்க ஒரு சித்தாள் அம்மா வாசலில் வந்து நின்றார். பணம் பீரோவில் இருக்கிறது, எழுந்து கொடுக்க இரண்டு நிமிஷம் போதும். "ஜெபம் முடியட்டும், உட்காருங்க" என்று கைகாட்டிவிட்டு நான் முழங்கால் போட்டேன். அன்றைக்கு எனக்கு நல்ல அபிஷேகம் என்று நினைப்பு, நீளமாகவே ஜெபித்தேன். எழுந்து கூலியைக் கொடுத்தபோது அவர் ஊருக்குப் போகிற கடைசி பஸ் போய்விட்டிருந்தது. இருட்டில் ஆறு கிலோமீட்டர் நடந்து போயிருக்கிறார். திங்கட்கிழமை வேலைக்கு வந்தவர் ஒன்றும் சொல்லவில்லை, மேஸ்திரி சொல்லித்தான் தெரிந்தது. அன்று நான் ஏறெடுத்த ஜெபத்தில் 'ஏழைகளை நினைத்தருளும்' என்ற வரியும் இருந்தது.

பிறனிடத்தில் உன்னைப்போல் அன்புகூர வேண்டும் என்ற கட்டளை இயேசு முதல்முதலில் சொன்னது என்று பலர் நினைக்கிறார்கள். அது இதே 19ஆம் அதிகாரத்தில், கூலிக்கும் தராசுக்கும் நடுவில், 18ஆம் வசனத்தில் இருக்கிறது. இயேசு அங்கிருந்துதான் எடுக்கிறார். அதனால் பரிசுத்தம் வேறு, அன்பு வேறு என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

அன்பென்றால் கல்யாண ஆராதனையில் வாசிக்கிற 1 கொரிந்தியர் 13 ஞாபகம் வரும். அப்போஸ்தலன் பவுல் எழுதின அந்தக் கடிதம் கல்யாண வீட்டுக்குப் போனதில்லை. கட்சி கட்டிக்கொண்டு, ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டுக்கொண்டு, கர்த்தருடைய பந்தியிலேயே வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட இல்லாதவர்கள் பசியோடு நின்ற ஒரு சபைக்குப் போனது. அதில் 'தீங்கு நினையாது' என்று ஒரு இடம் வரும். மூலத்தில் பவுல் போட்டிருக்கும் கிரேக்கச் சொல் கணக்கெழுதுகிறவர்களுடையது. அன்பு அடுத்தவன் செய்த தீங்கைப் பற்று எழுதி வைக்காது என்பதுதான் அர்த்தம். 'கடன் அன்பை முறிக்கும்' என்று உங்கள் கடையிலும் எழுதி மாட்டியிருப்பீர்கள். பவுல் ரோமருக்கு எழுதும்போது வேறு மாதிரிச் சொல்கிறார்: 'ஒருவரிடத்திலொருவர் அன்புகூருகிற கடனேயல்லாமல், மற்றொன்றிலும் ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள்.' எல்லாக் கடனையும் அடைத்துவிடலாம், இந்த ஒன்று மட்டும் நிலுவையிலேயே நிற்கும்.

நம் சபைகளின் சரித்திரத்தில் இந்த அன்பு மோசமாகத் தோற்றது சாதி விஷயத்தில்தான். அதைச் சொல்லாமல் தாண்டிப்போக எனக்கு மனசில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் கிறிஸ்தவர்கள் ஆலயத்தில் சாதிவாரியாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். 1833இல் கல்கத்தா பிஷப் தானியேல் வில்சன் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சாதி வேறுபாட்டை உறுதியாக, உடனடியாக, முடிவாக விட்டுவிட வேண்டும் என்றார். பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டுப் போனார்கள். அவர்கள் ஜெபிக்காதவர்களோ வேதம் வாசிக்காதவர்களோ கிடையாது. இன்றைக்கு நம் பக்கத்து ஆலயங்களில் பெரும்பாலும் அப்படித் தனித்தனியாக உட்காருவதில்லை. அசனப் பண்டிகையில் ஒரே பந்தியில் ஒரே சோற்றைச் சாப்பிடுகிறோம். பெண் பார்க்கும்போதும் சபைத் தேர்தல் வரும்போதும் நிலைமை என்ன என்று உங்களுக்கே தெரியும். அதனால் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. கடையில் டம்ளர் எத்தனை விதம் இருக்கிறது, மூட்டை இறக்குகிறவருக்கு எதில் டீ போகிறது என்று ஒரு நாள் கவனியுங்கள்.

சரி, விசுவாசம். தமிழில் இந்தச் சொல்லுக்கு ஒரு அழகு உண்டு. ஆலயத்துக்கு வெளியே விசுவாசம் என்றால் நம்பகம். விசுவாசமான வேலையாள், விசுவாசமான நாய் என்கிறோம். ஆலயத்துக்குள்ளே வந்தால் கடவுள் செய்வார் என்று நம்புவது. இரண்டையும் வேறு வேறாக வைத்திருக்கிறோம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லில் இரண்டு பொருளும் சேர்ந்தே இருக்கின்றன. கடவுளை நம்புகிறவன் தானும் நம்பத்தக்கவனாக இருப்பான் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே அடக்கம்.

இதற்கு ஜார்ஜ் முல்லரைச் சொல்வார்கள். பிரஷ்யாவில் 1805இல் பிறந்து, இங்கிலாந்தின் பிரிஸ்டலில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தி, 1898இல் இறந்தவர். வாழ்நாளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பராமரித்தார், யாரிடமும் போய்ப் பணம் கேட்டதில்லை. காலையில் சாப்பாட்டுக்கு ஒன்றுமில்லாமல் பிள்ளைகள் மேஜையில் உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொல்ல, ரொட்டிக்காரர் கதவைத் தட்டினார், பால் வண்டி வாசலில் உடைந்து நின்றது என்ற கதையைப் பிரசங்கங்களில் நிறையத் தடவை கேட்டிருப்பீர்கள். எனக்கு அந்தக் கதையைவிட அவருடைய கணக்குப் புத்தகம் பிடிக்கும். வந்த ஒவ்வொரு காணிக்கையும் எழுதப்பட்டது, வருஷாவருஷம் அறிக்கை அச்சாகியது. கடனுக்குப் பொருள் வாங்குவதில்லை என்பது அவர் விதி. அதற்கும் முன்னால், 1830இல், தன் சபையில் பணம் கட்டினவர்களுக்கு நல்ல இருக்கை என்றிருந்த வழக்கத்தை ஒழித்தார். அதிலிருந்துதான் அவருக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. சம்பளமும் போயிற்று. 'விசுவாசித்து அறிக்கை செய், கார் வரும்' என்று இன்றைக்கு மேடையில் சொல்கிறவர்கள் முல்லரை மேற்கோள் காட்டுவார்கள். வருஷக் கணக்கை மட்டும் காட்டமாட்டார்கள்.

முல்லருக்கும் நம் ஊருக்கும் ஒரு நூல் ஓடுகிறது. அவர் மனைவி மேரியின் அண்ணன் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் 1833இல் இந்தியாவுக்கு வந்தார். அவரிடமும் பாளையங்கோட்டை மிஷனரி ரேனியஸிடமும் கற்றவர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன். வெளிநாட்டுச் சம்பளத்தை நம்பாமல் ஊழியம் செய்வதென்று தீர்மானித்து, 1840இல் வத்திராயிருப்புப் பக்கத்தில் கிறிஸ்தியான்பேட்டையை உருவாக்கினார். 1860இல் திருநெல்வேலிச் சீமையில் பரவிய எழுப்புதல், அதாவது பக்தி எழுச்சி, அவரைச் சுற்றித்தான் தொடங்கியது. முல்லரைப் பற்றித் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு அருளப்பனைத் தெரியாது என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

கடைக்காரருக்கு இதில் என்ன? முல்லரைப் பார்த்து நீங்களும் பாக்கி வசூலிக்கப் போகாமல் உட்கார்ந்துவிட வேண்டாம். அது அவருக்கு வந்த அழைப்பு. மொத்த வியாபாரிக்குச் சொன்ன தேதியில் பணம் கட்டுங்கள். முடியாமல் போனால் போன் எடுக்காமல் ஒளிந்துகொள்ளாமல் முன்கூட்டியே சொல்லுங்கள். லாபம் குறைந்தாலும் இதை விடமாட்டேன் என்று இருப்பதற்கு நிஜமாகவே விசுவாசம் வேண்டும். தானியேல் புத்தகத்தில் ராஜாவின் சிலையை வணங்க மறுத்த மூன்று பேரும் நெருப்புச் சூளைக்கு முன்னால் நின்று, எங்கள் தேவன் எங்களை விடுவிக்க வல்லவர் என்கிறார்கள். அத்தோடு நிறுத்தாமல், விடுவிக்காமல் போனாலும் உம்முடைய சிலையை வணங்கமாட்டோம் என்றும் சொல்கிறார்கள். அந்த இரண்டாவது பேச்சு வராத விசுவாசம் கொஞ்சம் வியாபாரமாகிவிடுகிறது, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஜெபத்தைப் பற்றி, விடியற்காலம் நாலு மணிக்கு எழுந்து இரண்டு மணி நேரம் ஜெபிக்க முடியவில்லை என்று குற்றவுணர்ச்சியோடு எழுதியிருந்தீர்கள். எட்டு மணிக்குக் கடை திறந்து இரவு பத்துக்கு மூடுகிற ஆள். விடுங்கள். பதினேழாம் நூற்றாண்டில் பாரீஸில் ஒரு கார்மேல் மடத்தில் லாரன்ஸ் என்றொரு சகோதரர் இருந்தார். போரில் காயப்பட்டுக் கால் விந்தின பழைய சிப்பாய். மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையல்கட்டு. அந்த வேலை அவருக்கு இயல்பாகவே பிடிக்காது. அங்கேயே பாத்திரங்களுக்கு நடுவில் கடவுளோடு பேசிக்கொண்டே இருக்கப் பழகிக்கொண்டார். ஜெப நேரமும் வேலை நேரமும் தனக்கு ஒன்றாகிவிட்டன என்கிற அளவுக்கு அது போயிற்று. அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொன்னவர் இயேசுதான், அந்தப் பத்து நிமிஷத்தை விட்டுவிடாதீர்கள். மீதியைக் கல்லாவில் உட்கார்ந்தே செய்யலாம். திட்டிக்கொண்டே கடன் கேட்க வருகிறவர் படியேறும்போது 'ஆண்டவரே' என்று ஒரு வார்த்தை போதும். பல நேரம் எனக்கு அதற்கு மேல் வருவதில்லை.

கேட்டது கிடைக்காத ஜெபத்தையும் சொல்ல வேண்டும். டோனாவூரில் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றி ஓய்வுநாள் பள்ளியில் ஒரு கதை சொல்லித்தருவோம். சின்ன வயதில் அயர்லாந்தில் இருந்தபோது நீலக் கண் வேண்டும் என்று ஜெபித்தார், கிடைக்கவில்லை. பிற்பாடு இங்கே சேலை கட்டிக்கொண்டு நம் ஜனங்களோடு கலந்து நடமாட அந்தப் பழுப்புக் கண்தான் உதவியது என்று முடியும். பிள்ளைகளுக்குப் பிடித்த கதை. ஆனால் அதை மட்டும் சொல்லி நிறுத்தினால், கிடைக்காத ஒவ்வொரு ஜெபத்துக்கும் ஒரு நாள் காரணம் தெரிந்துவிடும் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். அதே அம்மையார் 1931 அக்டோபரில் களக்காட்டில் இருட்டில் ஒரு குழிக்குள் விழுந்தார். அதற்கப்புறம் 1951 ஜனவரியில் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் ஒரே அறையில், வலியோடு. அவருடைய சுகத்துக்காக டோனாவூரே ஜெபித்தது. இந்தக் கதைக்கு நீலக் கண் கதை போன்ற முடிவு கிடையாது. அந்த அறையிலிருந்து புத்தகங்கள் வந்தன, பிள்ளைகள் உள்ளே போய் வந்தார்கள், இல்லம் நடந்தது. ஏன் என்பதற்குப் பதில் வரவில்லை. பவுலும் தன் உடம்பில் முள்ளாக இருந்த வேதனையை எடுத்துவிடும்படி மூன்று தரம் கேட்டார், முள் போகவில்லை. அதனால் 'உங்களுக்கு விசுவாசம் போதவில்லை, அதனால்தான் சுகமாகவில்லை' என்று நோயாளியின் கட்டிலண்டை யாராவது சொன்னால் அவரை மரியாதையாக வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிடுங்கள்.

இப்போது அண்ணன் விவகாரம். ஜெபத்துக்குத் தடையா என்று கேட்டீர்கள். ஆமாம், தடைதான். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5இல் இருக்கிறது. கவனியுங்கள், உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று அங்கே சொல்லவில்லை. அவனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால் என்றிருக்கிறது. நம் தென்னிந்திய திருச்சபை ஆராதனையில் கைபிடித்துச் சொல்லும் சமாதான வாழ்த்து கைமாறிக் கைமாறி வருமே, நீங்கள் இரண்டு பேரும் அது ஒருவரிலிருந்து இன்னொருவருக்கு வராதபடி ஆலயத்தின் இரண்டு ஓரங்களில் உட்காருவீர்கள் என்று பந்தயமே கட்டுவேன். நிறையப் பேர் அப்படித்தான் உட்காருகிறார்கள். மேடையிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும்.

அன்பு என்றால் உங்கள் பங்கை விட்டுக்கொடுத்துவிடுங்கள் என்று சிலர் சொல்வார்கள். கொரிந்தியருக்கு பவுலே, ஏன் அநியாயத்தைச் சகித்துக்கொள்ளக் கூடாது என்று கேட்கிறார். அதை உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளலாம், இன்னொருவருக்குச் சொல்லக் கூடாது. குறிப்பாக, வீட்டில் பேசாமல் இருக்கிறவருக்குச் சொல்லக் கூடாது. தங்கையைப் பற்றிய அந்த ஒரு வரிக்கு வருகிறேன்.

நீங்களும் அண்ணனும் ஆளுக்கு நாற்பத்தைந்து சென்ட் என்று வைத்துக்கொண்டு, ரோட்டோரம் யாருக்கு என்று சண்டை போடுகிறீர்கள். நாம் கிறிஸ்தவர்கள். அப்பா உயில் எழுதாமல் காலமானால் 1925ஆம் வருஷ இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் நமக்கு. அதன்படி அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக, ஆண் பெண் வித்தியாசம் கிடையாது. கல்யாணத்துக்கு நகை போட்டோம் என்பதற்காகத் தங்கையின் பங்கு மறைந்துவிடாது. உங்கள் நிலத்துக்குப் போட்டுப் பாருங்கள். அம்மாவுக்கு முப்பது சென்ட், அண்ணனுக்கு இருபது, உங்களுக்கு இருபது, நாகர்கோவிலில் இருக்கிற தங்கைக்கு இருபது. மூன்று வருஷமாக நீங்கள் இருவரும் அடித்துக்கொள்ளும் நிலத்தில் ஐம்பது சென்ட் உங்கள் இருவருடையதும் அல்ல.

எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தில் செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஐந்து பேர் மோசேக்கு முன்னால் வந்து நின்று, எங்கள் தகப்பனுக்குக் குமாரன் இல்லை, எங்களுக்குக் காணியாட்சி கொடுங்கள் என்று கேட்கிறார்கள். மோசேக்குப் பதில் தெரியவில்லை, கர்த்தரிடம் கொண்டுபோகிறார். அவர்கள் கேட்பது சரி என்று பதில் வருகிறது. உங்கள் தங்கை வந்து நிற்கவில்லை, கேட்கவும் இல்லை. அதைத்தான் 'பிரச்சினை இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஒரு நல்ல வக்கீலை வைத்து, அம்மா, நீங்கள் மூன்று பேர் என்று நாலு பேரும் உட்கார்ந்து பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். அண்ணனைப் பார்க்கப் போக உங்களுக்கு ஒரு காரணமும் கிடைத்துவிடும். ரோட்டோரத்தைப் பற்றிப் பேசப் போக வேண்டாம், தங்கச்சி பங்கைப் பற்றிப் பேசப் போங்கள். அவர் கோபப்படலாம், கதவைச் சாத்தலாம். மறுபடியும் போக வேண்டியிருக்கும்.

அவள் மனசார 'எனக்கு வேண்டாம் அண்ணா' என்று விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் அது அவள் இஷ்டம். ஆனால் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கும் முன்னால், அவளுக்கு இருபது சென்ட் இருக்கிறது என்பதையும் இன்றைய விலையில் அது எவ்வளவு என்பதையும் நீங்களே அவளிடம் உட்கார்ந்து சொல்லுங்கள். இதுவரை யாராவது சொல்லியிருக்கிறீர்களா?